அலமாரியில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: படுக்கையறை அலமாரியை எத்தனை முறை துடைத்தாலும், பின்பலகையில் மட்டும் பூஞ்சை மறுபடியும் படர்வது ஏன்?

பதில்: துடைக்கும்போது பூஞ்சை போகிறது, அதை வளர்க்கும் ஈரம் போவதில்லை. பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருப்பவை. அவற்றை அடியோடு ஒழிக்க முடியாது, ஈரத்தைத்தான் குறைக்க முடியும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறம் பெரும்பாலும் அறையைவிடக் குளிர்ந்திருக்கும். காற்று குளிர்ந்தால் அதன் ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற அளவு) ஏறும் என்பதால், 28 டிகிரியில் 65 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று 24 டிகிரிக்கு இறங்கினாலே 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பூஞ்சைக்கு அதுவே போதும்.

முதலில் அலமாரியை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். கையகல பிளாஸ்டிக் தாள் ஒன்றின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர் முத்துகள் தெரிந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குழாய்க் கசிவையோ வெளிப்பூச்சு விரிசலையோ சரிசெய்யும்வரை வேறு எதைச் செய்தும் பயனில்லை. தாளின் வெளிப்பக்கத்தில் நீர் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். அப்படியானால் அலமாரியைச் சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள், தரையிலிருந்தும் சற்று உயர்த்துங்கள். சுவரோடு பதித்த அலமாரி என்றால் கதவின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள். துணிகளை நெருக்கி அடுக்காதீர்கள்.

கேள்வி: கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

பதில்: வெளியே காற்று உலர்ந்திருக்கும் நாளில் போதும். மழை நாளில் ஜன்னலையும் சேர்த்துத் திறந்தால் ஈரக்காற்றை நாமே உள்ளே அழைப்பதாகிவிடும். ஏசி ஓடிக் குளிர்ந்த அறையில் உடனே ஜன்னலைத் திறப்பது இன்னும் மோசம். குளிர்ந்த பலகையில் நீர் படியும். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள்ளேயே வைத்து, அளவு 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துவருவதே நான் முதலில் சொல்லும் யோசனை. ஈரத்துணியை அந்த அறையில் உலர்த்துவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அந்துருண்டை போட்டால் பூஞ்சை வராதா?

பதில்: அந்துருண்டை பூச்சிக்கானது, ஈரத்தை உறிஞ்சாது. கால்சியம் குளோரைடு டப்பாக்கள் உறிஞ்சும், ஆனால் அவற்றில் சேரும் உப்புநீர் துணியையும் உலோகத்தையும் கெடுக்கும் என்பதால் கீழ்த்தட்டில், சாயாத இடத்தில் வையுங்கள். இவை மூடிய சிறு இடத்துக்குத்தான் உதவும். அறையே ஈரமாக இருந்தால், காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் கருவியான டீஹியூமிடிஃபயர்தான் வழி.

கேள்வி: பிளீச்சிங் கரைசலால் கழுவலாமா?

பதில்: ப்ளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போன்றவற்றில் அது ஆழத்துக்கு இறங்காது, கூடவே பலகைக்கு நீரும் ஊட்டிவிடும். முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியில் முழுவதும் உலர்த்துங்கள். பிளீச்சோடு வினிகரையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிப்படும். உப்பி உதிரும் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: தோல் பைகளும் பட்டுத் துணிகளும்?

பதில்: பிளாஸ்டிக் உறைக்குள் வைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது. பருத்தி உறை நல்லது. ஒருமுறை உடுத்திய துணியை வியர்வை உலராமல் உள்ளே தொங்கவிடாதீர்கள்.