ஒட்டகத்தின் காதுக்குப் பின்னால்

விலங்குகள் வரும் இஸ்லாமியப் படக்கதைகளைப் படித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு இரக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று பரீட்சை வைக்காமல் இருந்தால்.

என் மகளுக்கு ஆறு வயது. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன, நான் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிவிடுவேன். அவளுக்குப் பிடித்தது அழுத ஒட்டகம். அபூதாவூத் என்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ்தான் (நபியின் சொல்லையும் செயலையும் சொல்லும் செய்தி): நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்சாரியின் (மதீனாவைச் சேர்ந்த தோழரின்) தோட்டத்துக்குள் நுழைகிறார்கள், அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் விடுகிறது, காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்ததும் அடங்குகிறது, அப்புறம் அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, நீ இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக என்னிடம் முறையிடுகிறது என்கிறார்கள். நபியை வரைய மாட்டார்கள் என்பதால் பக்கம் முழுக்க ஒட்டகம்தான், பிள்ளை பார்க்க வேறு ஆளே இல்லை. அந்தக் காதுப் பக்கம் விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் சாயமே போய்விட்டது. (சில புத்தகங்களில் உயிரினங்களுக்குக் கண் வரைவதில்லை. அவர்களுடைய மார்க்கப் பேணுதலை மதிக்கிறேன், ஆனால் அழுகிற ஒட்டகத்துக்குக் கண் இல்லாமல் எப்படி?)

பூனையைத் தீனி கொடுக்காமல் அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் நரகம் போன ஹதீஸை இந்த வயதில் தொடாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். பூனையை மறந்துவிட்டு, "நான் நரகத்துக்குப் போவேனா அத்தா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் அபூ உமைரைச் சொல்லுங்கள். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, பொடியன், விளையாடிக்கொண்டிருந்த குருவி செத்துப்போய் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறான். "அபூ உமைரே, குருவி என்ன ஆச்சு?" என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். அவ்வளவுதான் கதை, நரகமும் இல்லை, தண்டனையும் இல்லை.

ஒன்று, இவ்வளவும் சொல்லிக்கொடுத்தால் பக்ரீத் சமயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். போன வருஷம் ஆடு வாங்கி வந்து கட்டியதும் அதற்கும் காதுக்குப் பின்னால் தடவினாள். மறுநாள், "இது அழுதா யார்கிட்ட அத்தா சொல்லும்?" என்றாள். கத்தியை நன்றாகத் தீட்டுங்கள், பிராணிக்கு நோவைக் குறையுங்கள் என்ற ஹதீஸ் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. "தண்ணி இருக்கான்னு பாரும்மா" என்றேன். வாளி காலியாகத்தான் இருந்தது.