ஜடை வைத்த ஸ்வெட்டர் குறுகிவிட்டதா? அயர்ன் பெட்டியை எடுக்காதீர்கள்

கேள்வி: தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறேன். மரத்தைச் சுற்றி ஏறும் காட்டுக்கொடி மாதிரி, முதுகில் 6 கண்ணி ஜடை நாலு வைத்து எனக்கு ஒரு கார்டிகன் பின்னுகிறேன். சாதா ஸ்வெட்டருக்குப் போட்ட அதே 90 கண்ணிதான் போட்டேன். 18 அங்குலம் வர வேண்டியது பதினாறரைதான் வருகிறது. "ஆவி வைத்து அயர்ன் செய்தால் விரிந்துவிடும்" என்கிறார் நூல் கொடுத்தவர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் கையில் குறை ஒன்றுமில்லை. ஜடையில் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால் துணி சுருங்கும். தலைமுடியைப் பின்னினால் அகலம் குறைகிறதே, அதேதான். 18 அங்குலத்துக்கு 90 கண்ணி என்றால் அங்குலத்துக்கு 5. ஒரு 6 கண்ணி ஜடைக்கு 2 கண்ணி கூட்ட வேண்டும். நாலு ஜடைக்கு 8. உங்களுக்குக் குறைவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முழுவதும் பிரிக்க வேண்டாம். கீழ் பார்டர் இருக்கட்டும். அதன் கடைசி வரிசையில் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் தையல் ஊசியால் வேறு நிற நூலைக் கோத்துவிட்டு அதுவரை பிரியுங்கள், கண்ணி ஓடாது. பிறகு ஒவ்வொரு ஜடைக்கும் இருபுறமும் ஒவ்வொரு பர்ல் கண்ணி (முன்னால் மேடாக முடிச்சுப் போலத் தெரியும் எதிர்க்கண்ணி) கூட்டி 98 ஆக்குங்கள். பர்ல் பள்ளத்தில் ஜடை இன்னும் எடுப்பாகத் தெரியும். முன்பக்கத் துண்டுகளுக்கும் இதே கணக்கு.

இனி அந்த நூல்காரர் விஷயம். அவர் தந்தது லேபிள் இல்லாத லூஸ் நூலாக இருந்தால், 'அசல் கம்பளி' என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அந்த அக்ரிலிக்மேல் ஆவி பட்டால் இழையின் துள்ளல் போய்விடும். ஸ்வெட்டர் விரியும்தான், ஆனால் தொளதொளவென்று தொங்கும், ஜடை தட்டையாகிவிடும். திரும்ப எழும்பவே எழும்பாது. விற்றவருக்கு அதில் நஷ்டமில்லை, அடுத்த நூலையும் நீங்கள் அவரிடம்தான் வாங்குவீர்கள்!

லூஸ் நூலில் சாய லாட் எண்ணும், அதாவது எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று காட்டும் எண்ணும் இருக்காது. ஜடைக்கு நூல் கூடுதலாகப் பிடிக்கும், கடைசியில் பற்றாது. அவர் "அதே கலர்" என்று தருவது கழுத்துப் பக்கம் பட்டையாகத் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டில் எடையும் விலையும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னும் நூல் என்ன இழை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தராசைச் சோதிக்க வருகிறவர்கள் அந்த நூல் மூட்டையையும் ஒரு நாள் அவிழ்த்துப் பார்க்கலாம். வேறு லாட் நூல்தான் கிடைத்தது என்றால், இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

அக்ரிலிக்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஆடி மழையில் லயத்துக்குள் கம்பளி காயவே காயாது. ஈரக் கம்பளியைப் பிள்ளைக்குப் போட்டு அனுப்ப முடியுமா? அக்ரிலிக் சீக்கிரம் காயும், அடித்துத் துவைக்கலாம், கையைக் கடிக்காது, பூச்சி அரிக்காது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளைக்கு எப்படியும் சின்னதாகிவிடும். ஆக, பிள்ளைகளுக்கு அக்ரிலிக் வாங்கலாம், அக்ரிலிக் விலைக்கு வாங்குங்கள். கம்பளி விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் கொடி. அவரைக் கொடி கம்பில் ஒரே திசையில்தான் சுற்றும். நீங்களும் ஒரு ஜடையை எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்புங்கள். ஜடை திருப்பும்போது தனி ஊசியில் எடுத்த 3 கண்ணியை முன்னால் வைத்தால் ஜடை இடப்பக்கம் சாயும், பின்னால் வைத்தால் வலப்பக்கம். மாற்றி மாற்றி வைத்தால் கொடி போய் அலை வந்துவிடும். தோளில் முடிக்கும்போது ஒவ்வொரு ஜடையிலும் 2 கண்ணி குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தோள்பட்டை விரிந்து நிற்கும்.