பழைய வயலினும் ஸ்டோர் தேத்தண்ணியும்

அன்புள்ள ஐயா,

மகள் ஆறு வருசமாக வயலின் படிக்கிறாள். கொழும்பில் வாங்கிய புது வயலின். போன மாதம் மாமனாரின் பழைய வயலினை அலமாரியிலிருந்து எடுத்தோம். உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் ஸ்ட்ராடிவாரியஸ் என்ற பெயரும் 1721 என்ற ஆண்டும் இருக்கின்றன. மகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் சேர் வாசித்துப் பார்த்துவிட்டு, "பழசு பேசுது, புதுசு கத்துது" என்கிறார். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. மகள் புதுசை விடமாட்டேன் என்கிறாள். யார் காது சரி?

ஒரு தாய், அட்டன்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தத் தாள். ஸ்ட்ராடிவாரி முன்னூறு வருசத்துக்கு முன் இத்தாலியில் வயலின் செய்த பெரிய கைவினைஞர்; ஸ்ட்ராடிவாரியஸ் என்பது அவர் பெயர்தான். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற வயலின்களில் இதே பெயரை ஒட்டியிருக்கிறார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று காட்டும் வழக்கம் அது. மாமனாருடையதும் பெரும்பாலும் அந்த வகைதான். அதனால் வயலின் மோசம் என்று ஆகிவிடாது.

இனி காது. என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணியை ஒரு மிடறிலேயே கண்டுபிடிப்பேன் என்பார். ஒருநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, எது எந்தத் தோட்டம் என்று சொல்லாமல் கரண்டியை நீட்டினார். அப்பா சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, "இதுதான்" என்று காட்டியது பக்கத்துத் தோட்டத்துத் தூள். ஒரு வாரம் வீட்டில் ஸ்டோர்ப் பேச்சே இல்லை.

வயலினுக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. 1977இல் பிபிசி வானொலி நான்கு வயலின்களைத் திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்தது. ஒன்று ஸ்ட்ராடிவாரி, ஒன்று 1976இல்தான் செய்தது. கேட்டவர்கள் பேர்பெற்ற வயலின் கலைஞர்களான ஐசக் ஸ்டெர்ன், பிங்கஸ் ஸூக்கர்மன், லண்டன் வயலின் வியாபாரி சார்ல்ஸ் பேர். இரண்டுக்கு மேல் எவருமே சரியாகச் சொல்லவில்லை.

பிரெஞ்சு ஆய்வாளர் குளோடியா ஃபிரிட்ஸ் இதை இன்னும் கறாராகச் செய்தார். 2010இல் இண்டியானாபொலிஸ் ஹோட்டல் அறையொன்றில் 21 கலைஞர்களின் கண்ணில் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார்கள். பழைய மரத்தின் வாசமும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நாடி வைக்கும் பலகைக்கடியில் வாசனைத் திரவியம் தடவினார்கள்! கடைசியில் அதிகம் பேருக்குப் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2017இல் வெளியான ஆய்வில் வாசித்தவர்களை விட்டுக் கேட்டவர்களிடம் போனார்கள்: பாரிசுக்கு அருகே 55 பேர், நியூயார்க்கில் 82 பேர். அவர்களுக்குப் பழசு எது, புதுசு எது என்று பிரித்தறிய முடியவில்லை. தூரத்துக்கு நன்றாக எட்டியதும் அதிகம் பிடித்ததும் புதுசுதான்.

உடனே மகள் பக்கம் தீர்ப்பெழுத மாட்டேன். அங்கே புதுசு என்பது தேர்ந்த கைகள் செய்தது, மாணவர்களுக்கென்று கடையில் தொங்குவது அல்ல. அங்கே மைக் கிடையாது. நம் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர்காரர் தயவில்தான் எந்த வயலினும் பேசும். ஆனால் சேர் சொன்னதில் ஒன்று கவனிக்க வேண்டியது. முன்னறைக்குள் கத்துவதாகத் தோன்றும் வயலின், மண்டபத்தின் கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போய்ச் சேரலாம். நீங்கள் கேட்டது எங்கே உட்கார்ந்து? அதோடு, தாளில் அந்தப் பெயரைப் படித்ததற்குப் பிறகுதானே கேட்டீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்சீட்டைக் குறுக்கே கட்டி, சேரைப் பின்னால் உட்கார்த்துங்கள். இரண்டிலும் ஒரே வர்ணத்தை, ஒரே வில்லால், பூவா தலையா போட்டு மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வாசிக்கட்டும். நீங்களும் மகளும் வாசல்வரை தள்ளி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். அதற்கு முன் பழையதுக்குப் புதுத் தந்தி போடுங்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பனியில் அலமாரிக்குள் கிடந்த வயலினுக்குத் தந்தியை முறுக்கும் பிருடை இறுகியிருக்கும், பசையும் எங்காவது விட்டிருக்கும். எழுதின தாளை எனக்கும் அனுப்புங்கள்.