பொடுகு ஷாம்பு பாதுகாப்பானதா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு போட்டும் பொடுகு குறையவில்லை. மருந்து கேட்கவில்லையா?

பதில்: தலையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று எழுதவில்லையே. நுரை வந்ததுமே கழுவினால் மருந்து தண்ணீரோடு போய்விடும். மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. தோலின் எண்ணெயை அது உடைக்கும்போது வரும் கொழுப்பு அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் செதிலாக உதிர்கிறது. ஆகவே முடியை வகிர்ந்து, மருந்தைத் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். அடங்கியதும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். பூஞ்சையை அடக்கி வைக்கலாம், ஒழிக்க முடியாது.

கேள்வி: கீட்டோகோனசோல் கல்லீரலைக் கெடுக்குமாமே?

பதில்: அது மாத்திரை. பூஞ்சைத் தொற்றுக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் சொன்னது கல்லீரல் பாதிப்பால்தான். ஷாம்புவிலிருந்து ரத்தத்துக்குள் போவது மிக மிகக் குறைவு.

கேள்வி: பொடுகு ஷாம்புகளில் சேர்க்கும் ஜிங்க் பைரிதியோனை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள். இன்னும் அதைப் போடச் சொல்வது நியாயமா?

பதில்: தடை உண்மை. 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருள்களில் அது கூடாது. காரணத்தையும் பாருங்கள். அதிக அளவில் விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது கருவுக்குப் பாதிப்பு தெரிந்தது. அதனால் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரும் பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தாலே அங்கே சட்டப்படி தடை. வேறு மாற்றுப் பொருளே இல்லை என்று காட்டினால்தான் விலக்கு. இத்தனைக்கும் அவர்களுடைய அறிவியல் குழுவே 2020இல், கழுவிவிடும் பொடுகு ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று சொல்லியிருந்தது. அமெரிக்காவில் கழுவிவிடும் பொருள்களில் 2 சதவீதம் வரை அனுமதி உண்டு.

கேள்வி (அதே நண்பர்): தீங்கு என்று பட்டியலிட்ட பிறகு அளவு பற்றி என்ன பேச்சு?

பதில்: அளவுதான் முக்கியம். பட்டியல் சொல்வது அந்தப் பொருளால் என்ன தீங்கு வரலாம் என்பதை. சில நிமிடம் தலையில் இருந்து கழுவப்படும்போது உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பது தனிக் கணக்கு. நீங்கள் அதைத் தவிர்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, மாற்று இருக்கிறது. ஆனால் பயத்தில் மருந்தே போடாமல் தலையைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

கேள்வி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். இந்த விவாதத்தைப் படித்துப் பயந்துவிட்டேன்.

பதில்: பயப்படாதீர்கள்மா. இதுவரை போட்டதற்காகக் கலங்க வேண்டாம். இனி எதைப் போடுவது என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். நிலக்கரித் தார் கலந்த பொடுகு ஷாம்புவை நீங்களாக வாங்க வேண்டாம்.

கேள்வி: ஷாம்புவை எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 7 வயது மகனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் இருக்கிறது. பொடுகு ஷாம்பு போதுமா?

பதில்: போதாது. இந்த வயதில் பொடுகு அபூர்வம். இது படர்தாமரையாக இருக்கலாம். அந்தப் பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் வாய்வழி மருந்து தேவை. ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். தாமதித்தால் தழும்பாகி முடி முளைக்காமலே போகலாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு எழுதிக்கொடுத்த க்ளோபெட்டசால் ஷாம்பு மிச்சம் இருக்கிறது. நானும் போடலாமா?

பதில்: கூடாது. அது வீரியமான ஸ்டீராய்டு. சொரியாசிஸ் என்ற செதில் தோல் நோய்க்கு உலர்ந்த தலையில் 15 நிமிடம், அதுவும் 4 வாரத்துக்கு மேல் போகாமல் தருவது. பிறர் மருந்தை எடுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: எத்தனை நிமிடம், டாக்டர்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: செலினியம் சல்பைடு உள்ள பொடுகு ஷாம்பு வாங்கியிருக்கிறேன். கவனிக்க வேண்டியது?

பதில்: நகைகளைக் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும். சாயம் பூசிய முடியின் நிறமும் மாறலாம், நன்றாக அலசுங்கள். தலையில் வெட்டோ புண்ணோ இருந்தால் ஆறும்வரை போட வேண்டாம்.