ஹெயில்ஸ் பிரபு: நீதிபதி எழுதிய வரலாறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹெயில்ஸ் பிரபு (டேவிட் டால்ரிம்பிள், 1726–1792) எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றை வாசித்தேன். தேதியும் அடிக்குறிப்புமாக ஒரே வறட்சி. நிலமும் நீதிபதிப் பதவியும் இருந்த ஒருவரின் பொழுதுபோக்கு என்றுதான் தோன்றியது. சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வறட்சி உண்மை. பொழுதுபோக்கு என்பதை ஏற்க மாட்டேன்.

முதலில் ஒன்று. ‘ஹெயில்ஸ் பிரபு’ பரம்பரைப் பட்டம் அல்ல. 1766இல் எடின்பரோவின் கோர்ட் ஆஃப் செஷனில் (ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றம்) நீதிபதியானபோது சூடிய பெயர். அங்கே நீதிபதிகளுக்கு அது வழக்கம். தந்தை வழியில் 1751இல் வந்தவை பாரனட் என்ற பரம்பரைப் பட்டமும், மஸல்பரோ அருகே பெரிய நூலகத்தோடு கூடிய நியூஹெயில்ஸ் மாளிகையும்.

அவருடைய முறையைப் பார்க்க, வரலாற்றை விட்டு 1769இல் வந்த சிறு நூலிலிருந்து தொடங்குங்கள். ‘ரெஜியம் மாஜெஸ்டாட்டெம்’ என்ற பழைய ஸ்காட்லாந்துச் சட்டத்தொகுப்பை அந்நாட்டு மன்னர் முதலாம் டேவிட் காலத்தது என்று பலர் நம்பினார்கள். டேவிட் ஆண்டது 1124 முதல் 1153 வரை. தொகுப்பின் பெரும்பகுதியோ கிளான்வில் பெயரில் வழங்கும் இங்கிலாந்துச் சட்டநூலை ஒட்டியது. அந்த நூல் 1180களின் இறுதியில் எழுந்தது. அப்படியானால் டேவிட் காலம் எப்படிப் பொருந்தும்? ஹெயில்ஸின் கொள்ளுப்பாட்டனார் ஸ்டேர் பிரபுவே அது ஸ்காட்லாந்துச் சட்டமல்ல என்று ஒதுக்கியிருந்தார். தொகுப்பின் பழமைக்குச் சொல்லப்பட்ட வாதங்களைக் கொள்ளுப்பேரன் பத்திரத்தைச் சோதிக்கும் வக்கீலைப் போல ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். தேசப்பெருமை பேசியவர்களுக்கு இது ருசிக்கவில்லை.

நீங்கள் வாசித்த வரலாற்றின், 1776, 1779 ஆண்டுகளில் வெளியான இரண்டு தொகுதிகளிலும் அதே கண்டிப்புதான். மன்னர் மூன்றாம் மால்கம் முடிசூடியதில் தொடங்கி, 1371இல் ஸ்டூவர்ட் வம்சம் வருவதோடு நிறுத்திவிடுகிறார். அச்சுக்கு முன்பே நண்பர் பாஸ்வெல் வழியாகப் படித்துத் திருத்திய, ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், அலங்காரமோ ஊகமோ இல்லாமல் தேவையானதைச் சொல்லும் புதுவகை வரலாறு இது என்று மெச்சினார். நீங்கள் வறட்சி என்பதும் அதைத்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டு வரிசையிலேயே போவதால் பல ஆண்டுகள் நீண்ட ஒரு தகராறு துண்டு துண்டாகச் சிதறிவிடும். காரணத்தை நாம்தான் கோர்க்க வேண்டும். நுணுக்கம் சில சமயம் எல்லை மீறும். ‘ஜஸ்டிஸ்’ (justice) என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான e விடுபட்டதற்காக அவர் வழக்கையே நிறுத்துவதாக அந்தக் காலத்து எள்ளல் பாட்டு ஒன்று உண்டு.

மறுபடி வாசிப்பதானால் இரண்டாம் தொகுதியை எடுங்கள். ராபர்ட் புரூஸ் ஆட்சிப் பகுதியை அடிக்குறிப்புகளோடு சேர்த்தே படியுங்கள்.