தங்கூசி வலையைச் சங்கம் பறிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையிலுள்ள ஒரு கிராமத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருக்கிறேன். எங்கள் துறையில் எட்டுப் பத்துப் பேர் தங்கூசி வலையையும் (ஒற்றை நைலோன் இழையால் ஆனது) மிகச் சிறிய கண்ணுள்ள சிறகுவலையையும் (கம்பு நாட்டிக் கட்டுவது) பாவிக்கிறார்கள். ஓரா, மணலை மீன்களும் இறாலும் முன்னர் பட்டதில் பாதிகூட இப்போது படுவதில்லை. கடற்றொழில் திணைக்களத்தார் வந்துபோன பின் இரண்டு நாள் அமைதி, பிறகு பழைய கதைதான். சங்கமே அந்த வலைகளைப் பறித்துத் தண்டம் அறவிடலாமா? “வெளிக்கடலில் றோலர் (இழுவைமடிப் படகு) அள்ளிக்கொண்டு போகும்போது எங்களை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?” என்று அவர்கள் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வலையைப் பறிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம், படகையும் வலையையும் மீனையும் சோதித்துக் கைப்பற்றும் உரிமையை அதிகாரம் பெற்ற அலுவலர்களுக்கே கொடுத்திருக்கிறது. கடற்றொழில் பரிசோதகர், கடற்படையினர், பொலிஸார் போன்றோர் அதில் அடங்குவர். உங்கள் உறுப்பினர்கள் கோபத்தில் ஒருவருடைய வலையை இழுத்து எடுத்து வந்தால், அன்று மாலையே அவர் பொலிஸில் முறைப்பாடு எழுதுவார். குற்றம் செய்தவர் முறைப்பாட்டாளராகவும் வளத்தைக் காக்கப் போனவர் குற்றஞ்சாட்டப்பட்டவராகவும் மாறிவிடுவர். சட்டம் சங்கத்திடம் எதிர்பார்ப்பது சாட்சியத்தை. துறையில் நாள் முழுவதும் நிற்பவர்கள் நீங்கள்தான். ஒரு பரிசோதகர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியவர்; அவர் மாதத்தில் சில மணித்தியாலம் காண்பதை நீங்கள் ஒவ்வொரு விடியற்காலையும் காண்கிறீர்கள்.

எது தடை, எது தடையில்லை என்பதைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைப்பது நல்லது. பாதிப் பிணக்கு அறியாமையால் வருவது. வெடிபொருளும் நஞ்சும் பாவித்து மீன் பிடிப்பது மூலச் சட்டத்தாலேயே குற்றம். தள்ளுவலையும், முருகைக்கற் பாறைகளின் மேல் வலை விரிப்பதும் 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடுக்கப்பட்டவை. தங்கூசி வலைக்கான தடை 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் தனியாகவே வந்தது. சிறகுவலையின் நிலை வேறு: முறை அனுமதிக்கப்பட்டதாக இருந்தாலும், கண் அளவும், நாட்டும் இடமும், அனுமதிப்பத்திரமும் சேர்ந்துதான் அது சட்டபூர்வமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சிறகுவலைக்காரர் எல்லோரையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். உங்கள் பகுதிக்குப் பொருந்தும் கண் அளவைத் திணைக்களத்தின் உதவிப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; வாய்ச்சொல்லை நம்பி ஒருவர்மேல் முறைப்பாடு செய்யாதீர்கள்.

சாட்சியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் கவிழ்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன், கைப்பற்றிய வலைகள் தொடர்பான ஒரு வழக்கில் நான் நிபுணர் சாட்சியாகப் போயிருந்தேன். வலை தங்கூசிதான், அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மூவரிடமிருந்து கைப்பற்றிய வலைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். எது யாருடையது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோது ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். அன்று நீதிமன்ற வாசலில் நின்ற கிராமத்தவர்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு அந்தத் துறையில் யாரும் முறைப்பாடு கொடுக்க முன்வரவில்லை.

எனவே நீங்கள் காண்பதை அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், படகின் பதிவு இலக்கம், கண்டவர் இருவரின் கையொப்பம். தொலைபேசியில் படம் எடுக்கும்போது வலையை மட்டும் எடுக்காமல், கோயில் கோபுரமோ பாலமோ வெளிச்சவீடோ பின்னால் தெரியும்படி ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பரிசோதகர் கைப்பற்றும் வேளையில் ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாகச் சீட்டுக் கட்டி முத்திரையிடும்படி மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வலையை இனங்காண்பது கடினமில்லை. அறுந்த ஓர் இழையின் நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். சாதாரண நைலோன் நூல் பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்யப்பட்டது, ஆதலால் நுனி பஞ்சுபோலப் பிரியும். தங்கூசி ஒற்றை இழை. எவ்வளவு கீறினாலும் பிரியாது, தண்ணீரில் நனைத்தால் கண்ணுக்கே தெரியாது. மீனுக்கும் தெரியாது என்பதுதான் அதன் கேடு. மலிவாக இருப்பதால் கிழிந்ததைப் பொத்தாமல் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தத் துண்டு உக்காமல், உரிமையாளர் இல்லாமலே, மீனையும் நண்டையும் தொடர்ந்து கொன்றுகொண்டிருக்கும். கண் அளவைப் பார்ப்பதற்கு, நனைந்த வலையில் ஒரு கண்ணை மூலைக்கு மூலை இறுக இழுத்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையிலுள்ள உள்ளளவை எடுக்க வேண்டும். ஒரு கண்ணை அளந்து முடிவு சொல்லாதீர்கள். வெவ்வேறு இடங்களில் பத்துக் கண்களையாவது அளந்து எழுதுங்கள்.

இனித் தண்டம். சங்கம் தன் உறுப்பினரிடம் தண்டம் அறவிட வேண்டுமானால் துணைவிதியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி, கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த பின்னரே அறவிடலாம். உறுப்பினரல்லாதவரிடம் ஒரு ரூபாகூட வாங்க முடியாது. எனினும் பணத்தைவிட வலுவான கருவிகள் உங்களிடம் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவும் கடன் பெறவும் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் தேடி வருபவர்கள்தான் அந்த எட்டுப் பத்துப் பேரும். முதல் முறை நிர்வாகக் குழுவின் முன் அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் முறை எழுத்தில் எச்சரியுங்கள். மூன்றாம் முறை பரிந்துரையை நிறுத்தித் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பல நாடுகளின் பொது வளங்களை ஆராய்ந்து கண்டதும் இதுதான்: பாவிப்பவர்களே கண்காணித்து, தண்டனையும் படிப்படியாக ஏறும் இடங்களில் விதி நிலைக்கிறது. கரைவலை இழுக்க முறை வைத்து, இன்று உன் பாடு, நாளை என் பாடு என்று தலைமுறைகளாக விட்டுக்கொடுத்து வாழ்ந்த எங்கள் மக்களுக்கு இது புதிதல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தலைவரின் மருமகனுக்கும் அதே எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும். போகாவிட்டால் விதி அன்றோடு செத்தது.

அந்த வலை ஏன் வந்தது என்பதையும் கேட்டறியுங்கள். தங்கூசி வலை வைத்திருப்பவர்களில் பலர் பணக்காரர் அல்லர். கடனுக்கு வாங்கிய வலையை நாளைக்கே எரி என்றால் அந்தக் குடும்பம் மாரியில் என்ன செய்யும்? ஒரு பருவம் தவணை கொடுத்து, அதற்குள் சங்கக் கடனில் அனுமதிக்கப்பட்ட வலைக்கு மாறச் செய்வதை நான் பரிந்துரைப்பேன். சங்கத்தின் தவணை சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும், அந்தக் காலத்தில் பரிசோதகர் பிடித்தால் சங்கம் காப்பாற்றாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்குபவரையும் இதில் சேர்க்க வேண்டும். நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்வோம். பெண் நண்டின் வயிற்று மடலின் கீழ் சினை முதலில் செம்மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நாள் நெருங்கக் கறுக்கும். ஒரு நண்டிலேயே இலட்சக்கணக்கான முட்டைகள். துறையில் நிறுக்கும் வியாபாரி “சினை நண்டு வேண்டாம்” என்று ஒதுக்கினால், வலையிலிருந்து கழற்றும்போதே அதை உயிரோடு விட்டுவிடுவார்கள். சினை தாங்கிய சிங்க இறாலைப் பிடிப்பது சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது; நண்டில் உங்கள் தீர்மானமும் வியாபாரியின் ஒத்துழைப்பும் உடனே கைகொடுக்கும். சந்தைக்கு எவ்வளவு பலம் என்பதை இலங்கை பட்டுத்தான் அறிந்தது: சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனுக்குத் தடை விதித்தது, கண்காணிப்பைத் திருத்திய பின்னரே 2016 இல் அந்தத் தடை நீங்கியது.

றோலர் பற்றிய கேள்வி நியாயமானது. அதை மழுப்ப வேண்டாம். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலை எங்கள் கடலில் முற்றாகத் தடுத்திருக்கிறது, உள்ளூர்ப் படகாயினும் சரி. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த எல்லையைத் தாண்டி வரும் தமிழகப் படகுகளால் பாக்கு நீரிணையின் அடித்தளமும் எங்கள் மக்களின் வலைகளும் அடையும் அழிவைப் பொறுத்துக்கொள்ளுமாறு யாரும் கேட்க முடியாது. தமிழகம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தன் விசைப்படகுகளை நிறுத்துகிறது. மீதி மாதங்களில் எங்கள் கரைக்கு ஓய்வில்லை. ஆனால் ஆழமில்லாத கடனீரேரிக்குள் றோலர் வர இயலாது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது இங்குள்ள சாதாளைக்குள் (கடற்புல்லுக்குள்) தான். வளர்ந்த பின்தான் முட்டையிட வெளிக்கடலுக்குப் போகின்றன. வெளியே றோலரிடம் தப்புவது எவ்வளவு என்பது எங்கள் கையில் இல்லை. வெளியே போகும்வரை உயிரோடு விடுவது எங்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். றோலர் வலையை அறுத்தால் கடலில் மறிக்கப் போகாமல், இடத்தையும் நேரத்தையும் படகு இலக்கத்தையும் அதே கொப்பியில் எழுதி, அறுந்த வலையுடன் முறையிடச் சொல்லுங்கள்.

முறையிட்டும் அசைவில்லை என்றால், பரிசோதகருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை உதவிப் பணிப்பாளருக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் பொறுத்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த முறைப்பாட்டின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கேள்வியில் யாரையும் குற்றஞ்சாட்டாமல், முறைப்பாட்டின் திகதியையும் படகு இலக்கத்தையும் மட்டும் குறிப்பிடுங்கள்.