நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் கருப்பைப் புற்றுநோய் வருமா?

இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது, பார்க்க வந்தவர்கள் "எதிர்ப்புச் சக்தி இல்லை, அதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அக்காவிடமும் இதையேதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு, ஏதோ தன்னால்தான் வந்தது என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் டாக்டர் இல்லை. அக்காவின் சிகிச்சை முழுக்கக் கூடவே இருந்து, புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உடல் பருமன் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சமாச்சாரம், எதிர்ப்புச் சக்தி குறைவு இல்லை.

கட்டிக்குள் புற்றுநோய்ச் செல்கள் மட்டும் இருப்பதில்லை, நோய் எதிர்ப்புச் செல்களும் இருக்கின்றன. அவற்றில் சிடி8 டி செல்கள் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லக்கூடியவை, அவை நிறையப் புகுந்திருந்தால் பொதுவாக நல்லது. ஆனால் மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கு செல்களைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காயம் ஆறும்போது உடம்புக்குச் செய்கிற வேலையை அவை கட்டிக்குச் செய்கின்றன. புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும், சுற்றியுள்ள திசுவைக் கரைத்து வழிவிடும், புற்றுநோய் கருப்பைத் தசைக்குள் இறங்குவது சுலபமாகிவிடும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று இன்னொரு வகை, அவை சிடி8 செல்களை அடக்கி வைக்கும். போதாததற்குப் பல கட்டிகள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, தாக்க வரும் டி செல்லைச் செயலிழக்க வைக்கின்றன. இப்படி இருக்கும்போது வெறுமனே "சக்தியைக் கூட்டு" என்று பொடியும் கஷாயமும் கொடுப்பதில் என்ன அர்த்தம்? சத்தாகச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அக்காவின் பயாப்சி ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, "எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இழப்பு". டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. இவை இல்லாத கட்டியில் பிழைகள் குவிந்து மாறுபட்ட புரதங்கள் உருவாகும், டி செல்கள் அதைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளும். இந்தப் புற்றுநோயில் கால்வாசிக்கு மேல் இந்த வகைதான். பெம்ப்ரோலிசுமாப், டோஸ்டார்லிமாப் போன்ற மருந்துகள் டி செல்களின் மேல் விழுந்த தடையை எடுத்துவிடும். முற்றிய அல்லது திரும்பி வந்த நோய்க்கு இவற்றைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2023-ல் வெளிவந்தன, இரண்டிலுமே அதிகப் பலன் இந்த வகையினருக்குத்தான்.

இதையும் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து ரத்தம் பட்டதும் அக்கா போய்ப் பார்த்த முதல் டாக்டர், ஒரு ஸ்கேன்கூட எழுதாமல் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த வயதில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியாதா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் எம்எம்ஆர் பரிசோதனை, அதாவது மேலே சொன்ன பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், ஏற்கெனவே எடுத்து வைத்த திசுவிலேயே பெரும்பாலும் செய்துவிடலாம். இழப்பு என்று வந்தால், அது பரம்பரையாக வரும் லிஞ்ச் வகையா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அப்படியிருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.